வண்டிப் பட்டறை: பழைய பெட்ரோல் டிரக்குக்கு எந்த கார்பரேட்டர்?

கேள்வி: எங்களிடம் பழைய மஹிந்திரா எஃப்.சி. 150 பெட்ரோல் டிரக் ஒன்று ஓடுகிற நிலையில் இருக்கிறது. தோப்பிலிருந்து தேங்காயும் வாழைத்தாரும் ஏற்றி வாரம் இரண்டு நடை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு வருகிறோம். வாரத்துக்கு 100 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கும். முன்பு லிட்டருக்கு எட்டு கொடுத்த வண்டி இப்போது ஐந்தரைதான் கொடுக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடும் கார்பரேட்டரை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். இப்போதுள்ள பழைய கார்ட்டர் கம்பெனி கார்பரேட்டரையே ரிப்பேர் பார்ப்பதா, சோலெக்ஸ் கம்பெனியுடையதைப் போடுவதா, இரண்டு காற்றுவாய் உள்ள இரட்டை பேரல் கார்பரேட்டர் வாங்குவதா?
– எஸ்.மு., சோழவந்தான்

பதில்: கார்ட்டரின் பாடி நன்றாக இருந்தால் அதையே ரிப்பேர் பாருங்கள். பாடி தேய்ந்தோ வளைந்தோ போயிருந்தால் சோலெக்ஸ். இரட்டை பேரல் வேண்டவே வேண்டாம்.

ஆனால் எட்டு ஐந்தரை ஆனதற்கு கார்பரேட்டர் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. காசை வெளியே எடுக்கும் முன் ஒரு காலை நேரத்தை இந்தச் சோதனைகளுக்கு ஒதுக்குங்கள்.

முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். பழைய 6.00-16 டயரை எடுத்துவிட்டு 7.00-16 போட்டிருந்தால் சக்கரத்தின் சுற்றளவு கூடிவிடும்; வண்டி ஓடிய தூரத்தைவிட மீட்டர் குறைவாகக் காட்டும். மைலேஜ் குறைந்தது போலத் தெரியும், உண்மையில் அவ்வளவு குறைந்திருக்காது. கைப்பேசியில் ஜி.பி.எஸ். வைத்து 20 கிலோமீட்டர் ஓட்டி ஒப்பிட்டால் தெரிந்துவிடும். பெட்ரோல் அளவையும் ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி நிற்கும் இடமும் அதே சமதரை என்று வைத்துக்கொண்டு, ஃபுல் டேங்கிலிருந்து ஃபுல் டேங்குக்குக் கணக்குப் பாருங்கள். 150 கிலோமீட்டராவது ஓடியிருக்க வேண்டும். ஐந்து லிட்டர் போட்டு எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது.

அடுத்து, நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பிரேக் ஷூ உரசிக்கொண்டு சக்கரம் இறுகி நின்றால், எந்த கார்பரேட்டர் போட்டும் பயனில்லை. இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டர் தண்ணீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் பாருங்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று கழற்றி எறிந்த வண்டிகள் ஏராளம். அது இல்லாவிட்டால் இன்ஜின் பதமான சூட்டுக்கு வரவே நேரமாகும். அதுவரை பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் உள்சுவரில் ஈரமாக ஒட்டி வழியும். உங்களுடையது போன்ற குறைந்த தூர ஓட்டத்துக்கு இது பெரிய நஷ்டம்.

பிறகு டியூனிங். உங்கள் வண்டியில் இருப்பது ஜீப்பின் 2199 சி.சி. எஃப்-ஹெட் இன்ஜின். கலவை நுழையும் இன்டேக் வால்வு மேலே ஹெட்டில், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில். வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் இடைவெளி இரண்டுக்கும் வேறு: இன்ஜின் ஆறியிருக்கும்போது இன்டேக் 0.018 அங்குலம் (0.46 மி.மீ.), எக்ஸாஸ்ட் 0.016 அங்குலம் (0.41 மி.மீ.). மேலே இருப்பதைச் சுலபமாகப் பார்த்துவிடலாம். கீழே எக்ஸாஸ்ட் பக்கம் கை போக இடமில்லாததால் பலர் அதைத் தொடாமலேயே மூடிவிடுவார்கள். நீங்கள் நின்று செய்யச் சொல்லுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் 0.030 அங்குலம், டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 5 டிகிரி முன்பு. சிலிண்டருக்குள் அழுத்தம் காட்டும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தால் நான்கு சிலிண்டருக்கும் இடையே 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தால் செலவு செய்ய வேண்டிய இடம் வால்வும் ரிங்கும்தான்.

இவ்வளவும் சரியாக இருந்தால் கார்பரேட்டருக்கு வருவோம்.

கார்ட்டர் ஒய்.எஃப். ஒற்றை பேரல்தான் என்றாலும் புத்திசாலித்தனமான அமைப்பு. பெட்ரோல் வரும் சிறு துளையான மெயின் ஜெட்டுக்குள் முனை சிறுத்த ஒரு மீட்டரிங் ராடு (பெட்ரோலை அளந்து விடும் கம்பி) தொங்கும். சீரான வேகத்தில் போகும்போது இன்ஜினின் உறிஞ்சும் இழுப்பான வேக்குவம், டயாபிரம் என்ற சவ்வைக் கீழே இழுக்க, ராடின் தடித்த பகுதி ஜெட்டை அடைக்கும், பெட்ரோல் குறையும். மேடு ஏறும்போது வேக்குவம் விழும், ஸ்பிரிங் ராடைத் தூக்கும், பெட்ரோல் கூடும். அதாவது காலி வண்டிக்கு ஒரு கலவை, பாரத்துக்கு ஒரு கலவை. சிக்கனத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு அந்தக் காலத்து ஒற்றை பேரலில் குறைவு.

கெட்டுப்போகும் இடமும் அதே டயாபிரம்தான். அது கிழிந்தாலோ விறைத்துப்போனாலோ ராடு எப்போதும் தூக்கியே நிற்கும். வண்டி நாள் முழுவதும் மேடு ஏறுகிற கலவையில் ஓடும். ஆக்சிலரேட்டர் பம்ப்பும் இதே டயாபிரம் என்பதால், காலை அழுத்தியதும் வண்டி ஒரு நொடி திணறிப் பிறகு எடுக்கும். மைலேஜ் குறைவும் இந்தத் திணறலும் சேர்ந்து இருந்தால் முதலில் இங்கே கை வையுங்கள். கார்பரேட்டரைத் திறந்ததும் ராடை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் பளபளவென்று ஒரு தேய்மானத் தடம் தெரிந்தால் ராடும் ஜெட்டும் ஜோடியாக மாற வேண்டும். ராடை மட்டும் மாற்றினால், நீள்வட்டமாகத் தேய்ந்த ஜெட்டின் இடைவெளி வழியே பெட்ரோல் போய்க்கொண்டேதான் இருக்கும்.

காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலின் ஷாஃப்டை விரலால் மேலும் கீழும் ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் அந்த வழியாகக் காற்று நுழைகிறது. ஸ்லோ ஸ்பீடு (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிற்காது. அதைச் சரிக்கட்ட மெக்கானிக் ஸ்குரூவைத் திறந்து பெட்ரோலைக் கூட்டி வைத்திருப்பார். லேத்தில் ஓட்டையை ரீமர் போட்டுப் பித்தளை புஷ் அடித்தால் சரியாகும், ஆனால் கை பழகிய லேத்துக்காரர் வேண்டும். மூடியும் பாடியும் சேரும் முகத்தைக் கண்ணாடிப் பலகையில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. லேசான வளைவைத் தேய்த்து எடுக்கலாம், அதிகமானால் பாடி போச்சு.

அப்படிப் போன பிறகுதான் சோலெக்ஸ். இதில் மீட்டரிங் ராடு கிடையாது. மெயின் ஜெட், ஏர் ஜெட், பைலட் ஜெட் என்று எளிய அமைப்பு. டியூனிங் தெரிந்த மெக்கானிக்குகள் நம் பக்கம் நிறைய. வாங்கும்போது பார்க்க வேண்டியவை: அடிப்பக்கத்தின் போல்ட் துளைகள் உங்கள் ஸ்டட்டில் அப்படியே உட்கார வேண்டும், ஆக்சிலரேட்டர் பெடலை முழுக்க அழுத்தினால் த்ராட்டில் முழுக்கத் திறக்க வேண்டும், விட்டால் தடங்கலில்லாமல் மூட வேண்டும், மேல்வாயின் விட்டம் ஏர் ஃபில்டர் குழாய்க்குச் சரியாக இருக்க வேண்டும். வாய் பெரிதாக இருக்கிறது என்று சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினால் தூசி உள்ளே போகும், சிலிண்டர் போர் தேயும்.

எஃப்-ஹெட்டில் கார்பரேட்டர் நேராக சிலிண்டர் ஹெட்டின் மேலேயே உட்காருகிறது. சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் கார்பரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து உள்ளே வழியும். திரும்ப ஸ்டார்ட் செய்ய மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அடியில் சூடு கடத்தாத பேக்லைட் தகடு ஒன்றை இரண்டு பக்கமும் பேக்கிங்கோடு போட்டுவிடுங்கள். ஸ்டட் நீளம் போதுமா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரட்டை பேரலை ஏன் வேண்டாம் என்கிறோம்? கணக்கு இதுதான். 2.2 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்றில் ஓடினால்கூட, 80 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால், நிமிடத்துக்குச் சுமார் 3500 லிட்டர் காற்றுதான் இழுக்கும். அதற்கு ஒற்றை பேரலே தாராளம். பெரிய வாய் வைத்தால் காற்றின் வேகம் குறையும். ஜெட்டிலிருந்து பெட்ரோல் பொடிப்பொடியாகச் சிதறாமல் துளியாக விழும். நீங்கள் ஓட்டுகிற 1500, 2000 சுற்றில்தான் இந்தக் கோளாறு அதிகம். இதை மறைக்கப் பெரிய ஜெட் போடுவார்கள். சிக்கனம் தேடிப் போய் செலவைத் தலையில் ஏற்றிக்கொண்ட கதை ஆகிவிடும்.

எந்த கார்பரேட்டர் ஆனாலும் கிண்ணத்தில் மிதந்து பெட்ரோல் அளவைக் காக்கும் ஃப்ளோட்டின் மட்டத்தை அதன் மாடல் எண்ணுக்கு உரிய அளவில் வையுங்கள், குத்துமதிப்பாக வேண்டாம். மட்டம் உயர்ந்தால் எல்லா வேகத்திலும் பெட்ரோல் கூடும். பழைய பம்ப்பைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் பம்ப் போட்டிருந்தால் அழுத்தத்தை அளந்து பாருங்கள். இந்த இன்ஜினுக்கு 2.5 முதல் 3.75 பி.எஸ்.ஐ. போதும். அதற்கு மேல் போனால் கிண்ணத்துக்குள் வரும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வு தாங்காமல் கிண்ணம் வழியும். புது நீடில் மாற்றியும் வழிகிறது என்று புலம்புகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஸ்லோ ஸ்பீடு வைக்க: இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு 600 சுற்றில் நிறுத்துங்கள். கலவை ஸ்குரூவை மெதுவாக முட்டும்வரை மூடி ஒன்றரைச் சுற்று திறங்கள். இறுக்கிவிட்டால் முனை நசுங்கும். கலவை இன்ஜினுக்குள் போகும் வழியான மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜ் மாட்டி முள் எங்கே அதிகம் ஏறுகிறதோ அங்கே வைத்து, அதிலிருந்து கால் சுற்று மூடினால் போதும். நல்ல இன்ஜினில் முள் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவில் ஆடாமல் நிற்கும்.

சோலெக்ஸில் ஜெட் எண் பெரும்பாலும் துளையின் அளவுதான்: 125 என்றால் 1.25 மி.மீ. அதை 120 ஆக்கினால் எண்ணில் 4 சதவீதம் குறைந்தது போலத் தெரியும். துளையின் பரப்பு குறைவதோ ஏறக்குறைய 8 சதவீதம். அதனால் ஒரு படிக்கு மேல் ஒரே தடவையில் இறங்காதீர்கள். மாற்றிய பிறகு மேலூர் நாலுவழிச் சாலையில் பாரத்தோடு 20 கிலோமீட்டர் ஓட்டி, ஓட்டத்திலேயே சாவியை அணைத்து, உடனே கிளட்ச் மிதித்து ஓரங்கட்டுங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் சரி. கரி படிந்து மங்கலாக இருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால், ஓடும்போது வண்டி குலுங்கிக் குலுங்கி இழுத்தால், கார்பரேட்டர் வழியாக டப் டப்பென்று வெடித்தால் பெட்ரோல் போதவில்லை. பழைய ஜெட்டுக்கே திரும்புங்கள்.

கடைசியாக உங்கள் வலது கால். 5.38 பல் விகித டிஃபரன்ஷியலும் 7.00-16 டயரும் இருக்கிற வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இன்ஜின் ஏறக்குறைய 2250 சுற்று சுற்றும், 80இல் 3000. முகம் தட்டையான வண்டி வேறு, வேகம் கூடினால் காற்று எதிர்க்கும். 55ஐத் தாண்டாமல் ஓட்டிப் பாருங்கள்.

எவ்வளவு செலவு செய்யலாம் என்பதற்கும் ஒரு கணக்கு. இப்போது வாரத்துக்கு 18.2 லிட்டர் ஆகிறது. மைலேஜ் ஆறரை ஆனால் 15.4, எட்டு ஆனால் 12.5. வாரத்துக்கு ஏறக்குறைய மூன்று லிட்டரிலிருந்து ஆறு லிட்டர் வரை மிச்சம். கார்பரேட்டர் விலையை இந்த மிச்சத்தின் ரூபாய்க் கணக்கால் வகுத்து, எத்தனை வாரத்தில் பணம் திரும்பும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஜெட்டில் மெல்லிய செம்புக் கம்பி இழை ஒன்றைச் செருகிவிட்டால் மைலேஜ் கூடும் என்கிறார்கள். செய்யலாமா?
– கே.ரா., திருமங்கலம்

பதில்: கூடும், சில நாளைக்கு. 1.25 மி.மீ. ஜெட்டில் 0.3 மி.மீ. இழை செருகினால் பரப்பில் 6 சதவீதம் அடைபடும். ஒரு படி சிறிய ஜெட் போட்டாற்போலத்தான். ஆனால் இழை அதிர்வில் நகரும், வளையும், ஒருநாள் உள்ளே விழுந்து வேறு துளையை அடைக்கும். கலவை இன்று ஒன்றாக, நாளை வேறாக இருக்கும். பாரம் ஏற்றி ஓட்டும்போது பெட்ரோல் போதாமல் போனால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். ஒரு படி சிறிய ஜெட் வாங்கிப் போடுவதே மலிவு. ஜெட்டைச் சுத்தம் செய்யவும் கம்பி விடாதீர்கள். பித்தளை மெத்தென்றது, துளை பெரிதாகிவிடும். காற்றடித்தால் போதும்.

கேள்வி: பெட்ரோல் குழாயில் மாட்டுகிற காந்தம் வாங்கலாமா?
– பெயர் வேண்டாம், மேலூர்

பதில்: வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இந்த மாதிரி 100க்கும் மேற்பட்ட பெட்ரோல் மிச்சக் கருவிகளைச் சோதித்தும் ஆராய்ந்தும் பார்த்து, குறிப்பிடும்படியாக மைலேஜ் தருவது எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. அந்தப் பணத்தில் ஏர் ஃபில்டரைக் கவனியுங்கள்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு என் பெட்ரோல் ஜீப் மைலேஜும் குறைந்தது, ஓட்டமும் முன்போல் இல்லை. கார்பரேட்டரில் என்ன மாற்ற வேண்டும்?
– ஜெ.அ., உசிலம்பட்டி

பதில்: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் வரத் தொடங்கி இப்போது எங்கும் அதுதான். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் உண்டு. அதனால் கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு 6, 7 சதவீதம் சக்தி குறைவு. எட்டு கொடுத்த வண்டி ஏழரை கொடுத்தால் வண்டியில் பழுதில்லை.

பலர் கவனிக்காத விஷயம் வேறு. ஒரு கிலோ பெட்ரோல் முழுக்க எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலப்புக்கு 13.5 போதும். புது வண்டியில் கம்ப்யூட்டர் சரிசெய்துகொள்ளும். கார்பரேட்டருக்கு அது தெரியாது. அதே ஜெட் வழியாக அதே அளவுதான் விடும். ஆக, ஜெட்டைத் தொடாமலேயே கலவையில் பெட்ரோல் குறைந்துவிட்டது. மைலேஜ் குறைகிறதே என்று இந்த நேரத்தில் ஜெட்டை இன்னும் சிறிதாக்கினால் இரட்டை அடி. முன்பே சிறிய ஜெட் போட்டு ஓட்டியவர்களுக்கு இப்போது குலுங்கலும் சூடும் வருவது இதனால்தான். உங்கள் ஜீப்பில் அந்த அறிகுறி இருந்தால், பிளக்கும் வெளுத்திருந்தால், மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குங்கள். வண்டி சுகமாக இழுக்கும். காலைக் குறைவாக அழுத்துவீர்கள். மைலேஜ் பெரும்பாலும் குறையாது.

ரப்பர் சாமான்களை மொத்தமாக மாற்றிவிடுங்கள்: பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாபிரம், ரப்பர் முனை நீடில், கார்பரேட்டர் டயாபிரம். எத்தனால் தாங்கும் வைட்டான் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே உரிந்து கறுப்புத் துகளாக ஜெட்டை அடைக்கும். எத்தனால் டேங்கில் பல வருஷமாகப் படிந்த கசடையும் கரைத்துக் கொண்டுவரும். பம்ப்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர் வைத்து, முதல் 500 கிலோமீட்டரில் ஒரு தடவை மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் லைனை மூடிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அந்தத் தண்ணீர் அடியில் தங்கினால் கிண்ணத்தின் உலோகம் வெள்ளை பூத்து அரிக்கும்.

கேள்வி: வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் பெட்ரோல் ஜீப்பில் சாமான் ஏற்றிப் போகிறேன். மேலே போனதும் புகை கறுப்பாக வருகிறது. மலைக்கென்று தனி ஜெட் உண்டா?
– த.பா., பெரியகுளம்

பதில்: கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்பரேட்டர் விடும் பெட்ரோல் அதே விகிதத்தில் குறைவதில்லை. கலவையில் 10 சதவீதம் போலப் பெட்ரோல் கூடிவிடும். கறுப்புப் புகை அதுதான். மேலேயே தங்கி ஓடுகிற வண்டிக்கு ஒரு படி சிறிய மெயின் ஜெட் போடலாம். ஸ்லோ ஸ்பீடு கலவை ஸ்குரூவையும் கொஞ்சம் மூடிக்கொள்ளலாம். உங்களைப் போல ஏறி இறங்குகிறவர்கள் ஜெட்டைத் தொட வேண்டாம். மேலே பொருந்துகிற ஜெட்டோடு கீழே வந்து பாரம் இழுத்தால் வால்வுக்கு ஆபத்து. புகை பொறுக்க முடியாத அளவுக்கு இருந்தால் உயரத்தின் மேல் பழியைப் போடாமல் ஸ்டார்ட் செய்யும்போது காற்றை மறைக்கும் சோக் முழுக்கத் திறக்கிறதா, ஏர் ஃபில்டர் எண்ணெய் சேறாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய்க் கிண்ணத்தில் போட்டிருக்கும் கோட்டுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் மூச்சுத் திணறும்.

இறங்கும்போது மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் சாவியை அணைத்துவிட்டுக் கியரில் உருள்கிறவர்கள் உண்டு. சாவி அணைந்தாலும் இன்ஜின் சுற்றுகிறது, கார்பரேட்டர் பெட்ரோலை விட்டுக்கொண்டேதான் இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவும், சைலன்சரில் சேரும். கீழே வந்து சாவியைத் திருகினால் சைலன்சர் வெடித்துப் பிளக்கும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் பிரேக் கிடையாது. பாரத்தோடு கொண்டை ஊசி வளைவுகளில் டிரம் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே, சாவி போட்டபடி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்குங்கள்.